நரசீபுரம் ரோட்டில் குணவதி

வீட்டுக் கேட்டைச் சாத்திவிட்டுக் கிளம்பி, பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி வளைவைத் தாண்டுகிறவரைக்கும் வலி இல்லை. அதுதான் குணவதிக்கு என்னவோ போல் இருந்தது. மூன்று வாரமாக, வாசற்படி இறங்கும்போதே வலது தொடையிடுக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் ஓட ஓட அதுவும் கூடவே வரும். கொஞ்ச தூரத்தில் சலித்துப்போய் இறங்கிக்கொள்ளும். அப்படித்தான் அவர்களுக்குள் இதுவரைக்கும் ஒரு ஏற்பாடு. இன்றைக்கு எங்கே போயிற்று. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத ஆளுக்காகத் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி அவள் மனசு அந்த இடத்தையே தொட்டுத் தொட்டுத் திரும்பியது. இல்லை. இல்லை. இன்னும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, அப்போதுதான் வெளுத்திருந்தது. தொண்டாமுத்தூரிலிருந்து நரசீபுரம் போகிற ரோட்டில் ஆளே இல்லை. எதிரே மலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் மேகம் அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு, உள்ளே இன்னும் இருட்டு. அடுத்த மாதம் கோயமுத்தூரில் மாரத்தான். அறுபத்தைந்து வயசுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் போன வருஷம் அவள் இரண்டாவதாக வந்தாள். அதற்கு முந்தின வருஷமும் இரண்டாவதுதான். இன்றைக்கு நரசீபுரம் வரை போய்த் திரும்பிவிட்டால் பெரிய ஓட்டமெல்லாம் முடிந்தது, அப்புறம் உடம்பைக் குறைத்து ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டியதுதான். உடம்பைக் குறைத்து. அந்த வார்த்தையில் அவள் மனசு கொஞ்சம் இனித்து நின்றுவிட்டு மேலே போயிற்று. கேட்டில் புருஷன் சென்னியப்பன் பல் துலக்கிக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது.

"இன்னிக்கொரு நாள் படுத்துக்கிட்டாத்தான் என்ன. தூக்கத்துல முனகறே புள்ள."

"கனாக் கண்டிருப்பேனுங்க."

"கனாவுல யாராச்சும் தொடையைப் புடிச்சுக்கிட்டு முனகுவாங்களா?"

அவள் ஷூவைக் கட்டினாள். குனிந்து கட்ட முடியாது என்பதால் காலைத் தூக்கி மேல்படியில் வைத்துக் கட்டினாள், அதையும் அவர் வாய் கொப்பளிக்கத் திரும்பின நேரம் பார்த்து. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தின ஆளிடம் ஒரு காலை மறைக்க இவ்வளவு தந்திரம் வேண்டியிருக்கிறது. டாக்டரிடம் போனதே அவருக்குத் தெரியாது. முழங்காலுக்கு எண்ணெய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். விளையாட்டுக்காரர்களைப் பார்க்கிற டாக்டர், சின்னப் பெண், பேர் நிவேதா. ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாள். "இந்த வயசுல இவ்வளவு தூரம் ஓடறீங்களாம்மா" என்று அதிசயப்பட்டபோது குணவதிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அப்புறம்தான் அந்தப் பெண் எழுந்து வந்து, "வலது கால்ல மட்டும் நொண்டியடிச்சுக் காட்டுங்க பார்க்கலாம்" என்றாள். நொண்டியடிப்பதில் என்ன இருக்கிறது. இடது காலை மடக்கினாள். வலது கால் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. கிளம்பச் சொன்னாள், கிளம்பவில்லை. உள்ளே யாரோ வேண்டாம் என்று தலையாட்டுகிற மாதிரி இருந்தது. "பாண்டி ஆடி அம்பது வருஷம் ஆச்சுங்க" என்று சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. "எலும்புல விரிசல் ஆரம்பிச்சிருக்கலாம்மா. ஸ்கேன் எடுத்துப் பார்க்கற வரைக்கும் ஓடாதீங்க. நடக்கறதுகூடக் கம்மி பண்ணிக்கங்க. ஓடறதைத் தப்புன்னு சொல்லலை, நல்லதுதான். ஆனா நீங்க சாப்பிடற சாப்பாட்டுக்கு இந்த ஓட்டம் தாங்காது. அறுபதுக்கு மேல எடை கொறைஞ்சா கொழுப்பு மட்டும் போறதில்லை, சதை போகுது, எலும்பு போகுது. நீங்க அஞ்சாறு கிலோ ஏறணும்."

ஏறணும். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்ததுமே மற்றதெல்லாம் அடங்கிப்போயிற்று. எலும்பு, விரிசல், ஸ்கேன் எல்லாம் யாருக்கோ சொன்ன மாதிரி ஒதுங்கிக்கொண்டது. அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், என்று குணவதி இப்போது ஓடிக்கொண்டே அவளிடம் பேசினாள். உனக்கு என்ன தெரியும் கண்ணு. உடம்பு என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா. டெலிபோன் ஆபீசில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷம் உட்கார்ந்த உடம்பு. இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு. அன்னூர்க் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது பிளாஸ்டிக் நாற்காலி நாலு காலையும் விரித்துக்கொண்டு படுத்துவிட்டது. அரக்குப் பட்டுப் புடவையோடு அவள் தரையில். தூக்கிவிட மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. வீடியோக்காரன் அந்தப் பக்கமாகத்தான் கேமராவைத் திருப்பியிருந்தான். மாப்பிள்ளை வீட்டில் கேசட் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் அந்த இடம் வந்ததும், ஓட்டி மறுபடி போடு என்பார்களாம். அவள் விழுவாள். எழுவாள். ஓட்டி மறுபடி போடுவார்கள். விழுவாள். அந்தக் கேசட் இன்னும் எங்கோ ஒரு பரணில் கிடக்கும். அதில் அவள் இன்னும் விழுந்துகொண்டுதான் இருப்பாள். அப்போது எண்பத்துநாலு கிலோ. இப்போது நாற்பத்துநாலு. ஒரு முழுப் பெண்பிள்ளையை இந்த ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிவிட்டு வந்திருக்கிறாள். கொட்டினதைத் திரும்ப அள்ளிக்கொள்ளச் சொல்கிறாள் இந்தச் சின்னப் பெண்.

வந்துவிட்டது. வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் வலி வந்துவிட்டது. அவளுக்குக் கிட்டத்தட்ட நிம்மதியாகவே இருந்தது, வந்தாயா என்று கேட்கிற மாதிரி. ஆனால் பழைய இடத்தில் இல்லை, இன்னும் உள்ளே, விரல் வைத்துக் காட்ட முடியாத ஆழத்தில். பல் கூசுகிற மாதிரி எலும்பு கூசியது. சதைப் பிடிப்புதான், என்று சொல்லிக்கொண்டாள். வலது கால் ஊன்றும்போது சதை, இடது கால் ஊன்றும்போது பிடிப்பு. சதை, பிடிப்பு, சதை, பிடிப்பு. சொல்லிக்கொண்டே போனால் அர்த்தம் உதிர்ந்துபோய் வெறும் சத்தமாகிவிடும், சத்தத்தில் தொற்றிக்கொண்டு போய்விடலாம். எத்தனையோ ஓட்டங்களை அப்படித்தான் முடித்திருக்கிறாள். ஆனால் இன்றைக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. சதையா, எந்தச் சதை. நேற்றுக் குளிக்கும்போது தொடையைப் பிடித்துப் பார்த்தாள். தோல் தனியாக வந்தது, தளர்ந்த உறை மாதிரி, உள்ளே தடி மாதிரி எலும்பு. பிடித்துக்கொள்ள அங்கே சதையே இல்லை. இதற்காகத்தானே இத்தனை வருஷம் பட்டது என்று ஒரு பக்கம் சந்தோஷம். அதே கையோடு அடிவயிற்றில் குளிர்ச்சி. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது, எது எது என்று பிரிக்க முடியவில்லை. முதலில் எல்லோரும் கேட்டார்கள், எப்படிக்கா இப்படி இளைச்சீங்க, என்ன சாப்பிடறீங்க, எங்களுக்கும் சொல்லுங்க என்று. பத்திரிகையில் போட்டோ போட்டார்கள், பாட்டி என்று போடாமல் வீராங்கனை என்றே போட்டார்கள். இப்போது ஒரு வருஷமாகக் கேள்வி மாறிப்போயிற்று. என்னக்கா, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா. சர்க்கரையா. குரலைத் தாழ்த்தி, கண்ணைப் பார்க்காமல், அந்த மாதிரி ஏதாச்சுமா. அதையும் அவள் பாராட்டாகத்தான் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். அது பாராட்டு இல்லை என்று தெரிந்தேதான்.

மரகதம் நினைவுக்கு வந்தாள். வராமல் இருப்பாளா. பொள்ளாச்சி மரகதம், இவளைவிட ஒரு வயசு பெரியவள், பருத்த தொடை, பெருத்த பின்பக்கம், ஓடும்போது எல்லாம் ஒன்றாகக் குலுங்கும். பார்த்தால் ஓடுகிறவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு வருஷமும் முதலாவதாக வந்தவள் அவள்தான். கடைசிக் கொஞ்ச தூரத்தில், எல்லோருக்கும் எல்லாம் தீர்ந்துபோகிற இடத்தில், தொம் தொம் என்று பின்னாலிருந்து வந்து, "வாங்க குணா, சேந்து போலாம்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுவாள். மனசாரத்தான் கூப்பிடுவாள், அதுதான் பொறுக்கவில்லை. ஓட்டம் முடிந்ததும் மடியில் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு முட்டை, கடலை மிட்டாய், தயிர் சாதம் என்று நிதானமாகச் சாப்பிடுவாள், வீட்டில் டம்பெல்ஸ் தூக்குவதாக வேறு சொல்வாள். தின்கிறாள், ஜெயிக்கிறாள். இந்தக் கணக்கு குணவதிக்குப் பிடிபடவே இல்லை. இன்னும் இரண்டு கிலோ குறைத்தால் மரகதத்தைப் பிடித்துவிடலாம் என்று போன வருஷம் நினைத்தாள். குறைத்தாள். பிடிக்க முடியவில்லை. அப்போ இன்னும் இரண்டு. சென்னியப்பன் அரிசிம்பருப்பு சாதத்தை உருக்கின நெய்யோடு பிசைந்து தட்டில் போட்டுக்கொடுப்பார். ஓய்வு பெற்றதிலிருந்து சமையல் அவருடையது. அவள் சாதத்தைத் தட்டின் ஓரம்வரை இழுத்துப் பரப்பி, நடுவில் குழி பண்ணி, சாப்பிட்டு முடித்த மாதிரி ஆக்கிவிட்டு, கொல்லைப் பக்கம் போய்க் கோழிக்குப் போட்டுவிடுவாள். அவர் எட்டிப் பார்த்து, "போதுமா, இன்னுங் கொஞ்சம் போடட்டா" என்பார். போதுமுங்க, வயிறு ரொம்பிருச்சு. கோழிகள் எல்லாம் கொழுத்துத் திரிகின்றன. அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு வலி ஒரு தடவை சுருக்கென்று இடுப்புவரை ஏறி இறங்கியது, சிரிப்பு பாதியில் நின்றது.

திரும்பிவிடலாமா. இப்போது திரும்பினால் நடந்தேகூட வீடு போய்விடலாம். அவர் இட்லிக்கு ஊற்றி வைத்திருப்பார். என்ன சீக்கிரம் வந்துட்டே என்பார், சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் ஸ்கேன். ஸ்கேன் என்றால் படுக்கை. படுக்கை என்றால் சாப்பாடு, கட்டிலிலேயே கொண்டுவந்து ஊட்டுவார், நாள் பூராவும், மாதக்கணக்கில். ஓடாமல் சாப்பிட்டால் கொட்டினதெல்லாம் திரும்பி வரும், கதவைத் தட்டாமல் வரும். அந்த அரக்குப் புடவைக்காரி வந்து கட்டிலில் இவளை நகரச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வாள். வேண்டாம். அந்த மைல்கல் வரைக்கும் போவோம், அங்கே போய்ப் பார்த்துக்கலாம். மைல்கல் வந்தது. அந்தக் கோழிப்பண்ணை வரைக்கும். கோழிப்பண்ணை வந்தது. வலி இப்போது ஒவ்வொரு ஊன்றலுக்கும் ஒரு பதில் சொன்னது. இடது காலுக்குப் பாரம் மாற்றிப் பார்த்தாள், ஓட்டம் கோணியது, ரோட்டில் தன் நிழல் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். காற்றில் பலாப்பழ வாசனை வந்தது. அதற்கு அடியில் வேறொரு வாசனை, ஈரச் சாணமும் பச்சைத் தழையும் கலந்த மாதிரி. நாய்கள் ஏன் இன்றைக்குக் குரைக்கவில்லை. பண்ணை நாய் எப்போதும் வேலிவரை ஓடிவரும். இன்றைக்குக் கொட்டகைக்கு உள்ளே ஒடுங்கிக்கொண்டு முனகியது.

"அம்மா, நில்லுங்க. அப்படியே நில்லுங்க."

காக்கிச் சட்டை போட்ட ஆள் ஒருத்தன் புளியமரத்தை ஒட்டி நின்று கையைக் காட்டினான். வனத்துறையில் வாட்சராக இருக்கிற நஞ்சன். வாரத்தில் நாலு நாளாவது இந்த ரோட்டில் பார்ப்பாள், தலையாட்டிக்கொள்வார்கள். அவள் நின்றாள். அவன் கிட்டே வந்து மெதுவான குரலில் சொன்னான்.

"ஒத்தை ஆனைங்க. தோப்புக்குள்ள நிக்குது. பலாவுக்கு வந்தது, வெளிச்சம் வந்தும் போகமாட்டேங்குது. எங்காளுக அந்தப் பக்கம் சுத்திப் போயிருக்காங்க."

"எங்க இருக்குதுங்க?"

அவன் மோவாயால் காட்டினான். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாக்கு மரங்கள், மரங்களுக்கு இடையில் இருட்டு. அப்புறம் அந்த இருட்டில் ஒரு துண்டு மட்டும் காதை அசைத்தது.

"ரோட்டுக்கு ஏறுச்சுன்னா பயப்படாதீங்க. பின்னால அந்த மோட்டார் ரூம் இருக்குது பாருங்க, அதுக்குள்ள ஓடிருங்க. நீங்க ஓடறதைத்தான் தினமும் பார்க்கறனே. நானுகூட உங்களைப் புடிக்க முடியாது" என்றான். அவன் முகமும் வெளிறித்தான் இருந்தது.

மோட்டார் ரூம் ஒன்றும் தூரம் இல்லை, கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவள் அதைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தவரை சூட்டில் கிடந்த வலி, நின்றதும் ஆறி இறுகிப்போயிற்று. மெதுவாக, யாருக்கும் தெரியாமல், வலது காலை ஒரு அங்குலம் தூக்கிப் பார்த்தாள். வரவில்லை. டாக்டர் அறையில் நடந்தது மாதிரியேதான், யாரோ உள்ளே தலையாட்டினார்கள். இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கினால் வரும் போலிருந்தது. இப்போது சொல்லிவிட வேண்டும். என்னால ஓட முடியாதுங்க. நாலு வார்த்தைகூட இல்லை. வாய் திறந்தது. நானுகூட உங்களைப் புடிக்க முடியாது என்று சொன்ன ஆளிடம் எப்படிச் சொல்வது. அவன் கண்ணில் அவள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள், மெலிந்து, நேராக, மூச்சு வாங்காமல். அதை அவளே போய் எப்படி நிறுத்துவது. ஒருவேளை ஆனை அப்படியே காட்டுக்குள் போய்விடும். போய்விட்டால் சொல்ல வேண்டியதே இல்லை. உயிர் போகிற இடத்தில் நின்றுகொண்டு இதையா யோசிக்கிறேன் என்று அவளுக்கே தன் மேல் பயம் வந்தது. ஆனையைப் பார்த்த பயத்தைவிடப் பெரிதாக வந்தது.

சத்தமே இல்லாமல் ரோட்டில் ஏறி நின்றது. ஒரு மரம் முறியவில்லை, ஒரு சருகு நொறுங்கவில்லை. அவ்வளவு பெரிய பாரத்தை எப்படி இவ்வளவு பூவாக எடுத்து வைக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குத் தன் உடம்பின் மேல் எந்தப் புகாரும் இல்லை.

"போங்கம்மா. மெதுவாத் திரும்பி, ஓடுங்க."

திரும்பினாள். திரும்புவதற்கு வலது காலில்தான் நிற்க வேண்டியிருந்தது. காய்ந்த முருங்கைக் கிளையை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தோப்பிலிருந்து வந்தது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு வானம் சரிந்தது, கன்னத்தில் தார் ரோட்டின் சரளைக்கல் குத்தியது, தன் வாயிலிருந்து வந்த குரலைத் தன் கையாலேயே பொத்தினாள். நஞ்சன் இரண்டெட்டு ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

"என்னால ஓட முடியாதுங்க" என்றாள்.

அவன் ஒரு கணம் மோட்டார் ரூமைப் பார்த்தான். அப்புறம் திரும்பி வந்து, அவளுக்கும் ஆனைக்கும் நடுவில் நின்றுகொண்டான். கையில் இருந்த டார்ச்சை அடிக்கவில்லை, சத்தம் போடவும் இல்லை. அவன் செருப்புக் குதிகால் அவள் முகத்துக்கு நேரே நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனை எவ்வளவு நேரம் அவர்களைப் பார்த்தது என்று அவளுக்குத் தெரியாது. துதிக்கையை நீட்டிக் காற்றை முகர்ந்தது. அவளுடைய வியர்வையையும், பயத்தையும், ஒருவேளை ஒடிந்ததையும்கூட முகர்ந்திருக்கும். பிறகு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கக் கரும்புக்குள் இறங்கிற்று. கரும்பு ஆடியது, நின்றது. நஞ்சன் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

நஞ்சன் ஆம்புலன்ஸுக்கும் அவள் சொன்ன வீட்டு நம்பருக்கும் போன் போட்டான். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். சென்னியப்பன் அதற்கு முன்னால் வந்துவிட்டார், காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் கதவைக்கூடச் சாத்தாமல் வந்தார். பனியன்தான் போட்டிருந்தார், அதில் இட்லி மாவு தெறித்திருந்தது. அவளுடைய வலது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, வேறு யாருடையதோ மாதிரிக் கிடந்ததைப் பார்த்தார்.

"ஆட்டாம இருங்க, ஆம்புலன்ஸ் வரட்டுங்க" என்றான் நஞ்சன்.

"ஆனை திரும்பி வந்தா?" என்றார் அவர். "பின் சீட்டுலயாச்சும் படுக்க வெச்சுக்கறேன்."

அவன் கால் பக்கம் தாங்கிப் பிடிக்க, அவர் அவளுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தார். எழுபது வயசு, முதுகு வலிக்காரர். இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, பல்லைக் கடித்து, மூச்சை இழுத்துப் பிடித்து, பெரிய மூட்டையைத் தூக்குகிறவர் மாதிரி ஒரு மூச்சில் தூக்கினார். தூக்கின வேகத்துக்கு அவள் சட்டென்று மேலே வந்துவிட்டாள். அவர் நிலை தடுமாறிப் பின்னால் இரண்டடி போய்க் கார்க் கதவில் முதுகு இடித்து நின்றார். வலியில் அவளுக்குக் கண் இருட்டியது. இருட்டு விலகினபோது அவருடைய முகம் ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. அவர் காலைப் பார்க்கவில்லை. தன் கையிலிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதிரி அவர் விழித்து அவள் பார்த்ததே இல்லை.

"கை வலிக்கும். கீழ வைங்க" என்றாள்.

அவர் வைக்கவில்லை. கொஞ்சம் மேலே தூக்கிப் பார்த்தார், மறுபடி கொஞ்சம்.

"வலிக்கலையே புள்ள" என்றார்.